'மின்கசிவு'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்னு இல்ல, எந்தப் பேப்பரை எடுத்தாலும் வீடு எரிஞ்ச செய்தியில கடைசி வரி ஒண்ணேதான், "மின்கசிவே காரணம் எனக் கூறப்படுகிறது". சின்ன வயசுலேர்ந்து படிச்சுக்கிட்டு வர்றேன், ஏதோ தண்ணிக் குழாய் மாதிரி கரண்டு எங்கயோ சொட்டுச் சொட்டா ஒழுகித் தீப்பிடிச்சுடுச்சு போலன்னு நானும் பக்கத்தைத் திருப்பிட்டுப் போயிடுவேன். எங்க வீட்டு மெயின் பாக்ஸே கருகிப்போய் நின்னப்பதான் தெரிஞ்சுது, அந்த ஒத்தை வார்த்தைக்குள்ள குறைஞ்சது நாலு வேற வேற சமாச்சாரம் இருக்கு, நாலுக்கும் தனித்தனி காவல் வேணும், பழைய பாக்ஸ்ல ஒண்ணுக்குத்தான் ஒழுங்கான காவல் இருக்கும்னு. இதைப் பிரிச்சுச் சொன்னாலே படிக்கறவங்க எந்திரிச்சுப் போய் அவங்க வீட்டு பாக்ஸை ஒரு பார்வை பார்ப்பாங்களேன்னுதான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், வெட்டிப் போட்டாலும் பரவால்ல.

ஒண்ணை முதல்லயே சொல்லிடறேன். ஸ்விட்ச் போர்டை மாத்தணும்னு நான் சொன்னப்ப வீட்ல எல்லாரும் ஹால்ல இருக்கற பட்டன் பலகையைத்தான் பார்த்தாங்க. நான் சொல்றது அது இல்ல. மீட்டர்லேர்ந்து வர்ற கரண்டை ரூம் ரூமாப் பிரிச்சு அனுப்புற பெட்டி, அதாங்க டிபி பாக்ஸ், பழைய வீடுகள்ல மரப்பலகையில பீங்கான் ஃபியூஸ் கட்டை வரிசையா மாட்டியிருக்குமே, அது.

எங்க வீடு அப்பா கட்டினது. கீழ பழைய ஃபியூஸ் கட்டைதான், மேல மாடி எடுத்தப்ப மட்டும் ஒரு சின்ன எம்சிபி பாக்ஸ் போட்டாங்க, அதாவது கரண்டு அளவு மீறினா தானா விழுற ஸ்விட்ச் வெச்சது. மூணு ஃபேஸ் சப்ளை. இதுல ஒரு அதிசயம் நடந்துச்சு, மாடியில வாட்டர் ஹீட்டர் போட்டா கீழ ஹால்ல ஃபேன் வேகம் எடுக்கும். நாங்களும் "காத்து நல்லா வருதே"ன்னு சந்தோஷமா உக்காந்திருந்தோம், சத்தியமா சொல்றேன். ஒரே வருஷத்துல மூணு அடாப்டர் போச்சு, கம்பெனி சரியில்லன்னு திட்டிட்டு நாலாவது வாங்கினோம். அப்புறம் படிக்கட்டுக்கிட்ட ஒரு வாடை, மீன் அழுகின மாதிரி. பல்லி எங்கயோ செத்துக் கிடக்குன்னு அலமாரியெல்லாம் நகர்த்தித் தேடினோம், பல்லியும் இல்ல ஒண்ணும் இல்ல. வாடை சாயங்காலம் மட்டும் வருது, காலையில இல்ல, அதுவே ஒரு துப்புதான்னு அப்ப யாருக்கும் உறைக்கல.

எலக்ட்ரீஷியன் தம்பி வந்து பாக்ஸ் கிட்ட நின்னதும் மூக்கை உறிஞ்சிட்டு "சார், இது பல்லி இல்ல, பிளாஸ்டிக் வேகுது"ன்னார். சூடாகுற சில வகை பிளாஸ்டிக், பேக்லைட் சாமானெல்லாம் எரியறதுக்கு முன்னாடி அந்த வாடையைத்தான் விடுமாம். மூடியைக் கழட்டினார். நியூட்ரல் வயரெல்லாம், அதாவது போன கரண்டு திரும்பி வர்ற வயரெல்லாம், வந்து சேருற பித்தளைக் கட்டையில ஒரு திருகு மட்டும் நீலம் பூத்துக் கருத்திருந்துச்சு, அதுல இறங்குற வயரோட தோல் பழுப்பாகி, அவர் டெஸ்டர் முனையால லேசாத் தொட்டதும் பொரபொரன்னு உதிர்ந்துச்சு. உள்ள இருந்த செம்பு கரி நிறத்துல இருந்துச்சு. எங்க வீட்டு நியூட்ரல் மொத்தமும் அந்த ஒரு லூஸ் திருகுலதான் தொங்கிக்கிட்டு இருந்திருக்கு.

இப்ப ஃபேன் விஷயத்துக்கு வாங்க. மூணு ஃபேஸ் வீட்ல நியூட்ரல்தான் மூணையும் 230 வோல்ட்ல கட்டி வெச்சிருக்கிற நங்கூரம். அது லூஸானா, ஒரு ஃபேஸ்ல லோடு ஏறும்போது அங்க வோல்டேஜ் இறங்கும், மத்த ரெண்டுல ஏறும். முழுசா அறுந்துபோச்சுன்னா லோடு கம்மியா இருக்கற ஃபேஸ்ல 400 வோல்ட் கிட்டக்கூட போயிடலாம், அப்ப அடாப்டர் மட்டுமா போகும், டிவி ஃபிரிட்ஜ் எல்லாம் வரிசையாப் போகும். அதனால ஹீட்டர் போட்டா லைட்டு மங்குதுன்னா ஒரு கவனம் வேணும், ஆனா ஒரு இடத்துல போட்டா இன்னொரு இடத்துல லைட்டோ ஃபேனோ *கூடுதுன்னா* அன்னைக்கே மெயினை ஆஃப் பண்ணிட்டு ஆளைக் கூப்பிடணும், நாங்க மாதிரி காத்து வாங்கக்கூடாது. கோளாறு வெளிய கம்பத்துலயும் இருக்கலாம், அதனால சப்ளை கொடுக்கறவங்களுக்கும் சொல்லிடணும்.

இந்த லூஸ் கனெக்‌ஷனைத்தான் நாலுல நான் முதல்ல வெப்பேன், ஏன்னா இதைப் பிடிக்க சாதாரண பாக்ஸ்ல எந்தக் கருவியும் இல்ல. தம்பி ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். திருகுல 0.2 ஓம் அளவுக்கு ரெசிஸ்டன்ஸ் வந்துடுச்சுன்னு வெச்சுக்குங்க, அது வழியா 15 ஆம்பியர் போகுது. 15 இன்ட்டு 15 இன்ட்டு 0.2, 45 வாட். வோல்டேஜ்ல வெறும் 3 வோல்ட்தான் குறையும், யாருக்கும் தெரியாது. ஆனா ஈயம் உருக்கற சால்டரிங் அயர்ன் பல வீட்ல 25 வாட்தான், அதைவிட அதிக சூடு கடுகளவு இடத்துல மணிக்கணக்கா நிக்குது. எம்சிபி பார்க்கறது எவ்வளவு கரண்டு போகுதுங்கறதை மட்டும்தான், அது 15 ஆம்பியர்தானே, நியாயமான கரண்டு, அது ஏன் விழப்போகுது? சூடாகச் சூடாக செம்பு மேல ஆக்சைடு படியும், படியப் படிய ரெசிஸ்டன்ஸ் ஏறும், ஏற ஏற இன்னும் சூடு. தானா குறையவே குறையாது. இதுக்குக் கண்ணும் மூக்கும் காதும்தான் கருவி: மூடியில மஞ்சள் இல்ல பழுப்புக் கறை, உருகின ஓரம், வாடை, "உஸ்ஸ்"னோ சடசடன்னோ சத்தம், வெளியிலேர்ந்து புறங்கையை வெச்சா வெதுவெதுன்னு இல்லாம சுடுறது. மூடியை மட்டும் நீங்களே கழட்டாதீங்க. மெயினை ஆஃப் பண்ணாலும் மெயினுக்கு வந்து சேருற வயர்ல கரண்டு அப்படியேதான் நிக்கும், நிறைய பேருக்கு இது தெரியாது.

ஷார்ட் சர்க்யூட் பத்தி அதிகம் பேச வேண்டாம். ஃபேஸும் நியூட்ரலும் ஒட்டிக்கிட்டா கரண்டு நூத்துக்கணக்கான ஆம்பியருக்குப் பாயும், சரியான கம்பி போட்ட ஃபியூஸ் கட்டைகூட கண்ணிமைக்கற நேரத்துல போயிடும். அந்தக் காலத்து பாக்ஸ் ஒழுங்காச் செய்யற ஒரே வேலை இதுதான். ஆனா "சரியான கம்பி போட்ட"ன்னு சொன்னேன் பாருங்க, அங்கதான் வம்பு.

எங்க வீட்டு ஃபியூஸ் கட்டை ஒண்ணை வெளிய இழுத்துக் காட்டினார் தம்பி. உள்ள மெல்லிசா ஒரு இழை இருக்க வேண்டிய இடத்துல பழைய வயர்லேர்ந்து உரிச்ச செம்புக் கம்பி மூணு முறுக்கிப் போட்டிருந்துச்சு. "சார் இது ஃபியூஸ் இல்ல, வெறும் கம்பி"ன்னார். யார் போட்டாங்கன்னு கேட்கல. எனக்குத் தெரியும், நான்தான். அடிக்கடி பீஸ் போகுதுன்னு ஒரு நாள் ராத்திரி நானே முறுக்கிப் போட்டுட்டு, அதுக்கப்புறம் போகவே இல்லன்னு ரெண்டு பேர்கிட்ட பெருமை வேற அடிச்சுக்கிட்டேன்.

அந்த ஃபியூஸ் ஏன் அடிக்கடி போச்சு? ஓவர்லோடு. அப்பா வீடு கட்டினப்ப அந்த லைன்ல ரெண்டு லைட்டு, ஒரு ஃபேன், ஒரு ரேடியோ. இப்ப அதே லைன்ல இஸ்திரிப் பெட்டி, மைக்ரோவேவ், வாஷிங் மெஷின், போதாக்குறைக்கு இன்டக்‌ஷன் அடுப்பு. வாட்டை 230ஆல வகுத்தா ஆம்பியர் வந்துடும், யார் வேணா போடலாம். 2000 வாட் ஹீட்டர் ஒண்ணே கிட்டத்தட்ட 9 ஆம்பியர். அதோட 1000 வாட் இஸ்திரிப் பெட்டியும் 1500 வாட் அடுப்பும் சேர்ந்தா 20 ஆம்பியர் கிட்ட வந்தாச்சு. கரண்டு ரெண்டு மடங்கானா வயர்ல சூடு ரெண்டு மடங்கு இல்ல, நாலு மடங்கு. நாம சாதாரணமாப் போடுற பிவிசி வயர் தாங்குற சூடு 70 டிகிரிதான், அதுக்கு மேல போகப் போக தோல் காய்ஞ்சு விறைச்சுக்கிட்டே வரும், சுவத்துக்குள்ள இருக்கறதால யாரும் பார்க்கவும் முடியாது.

இங்க எல்லாரும் பண்ற தப்பு என் செம்புக் கம்பிதான், கொஞ்சம் நாகரிகமாப் பண்ணுவாங்க, அவ்வளவுதான். 16 ஆம்பியர் எம்சிபி அடிக்கடி ட்ரிப் ஆகுதா, 32 போட்டுடு. எம்சிபி காப்பாத்தறது உங்க ஏசியையோ ஃபிரிட்ஜையோ இல்லீங்க, சுவத்துக்குள்ள ஓடுற வயரை. 1.5 ஸ்கொயர் எம்எம் வயர் மேல 32 ஆம்பியர் பிரேக்கரை உக்கார வெச்சா, அந்த வயர்தான் இனிமே உங்க வீட்டு ஃபியூஸ், அது உருகுற இடம் சுவத்துக்குள்ள. பெரிய பிரேக்கர் வேணும்னா முதல்ல பெரிய வயர் இழுக்கணும், வரிசை அப்படித்தான். உங்க பாக்ஸ் மேல பாருங்க, C16, C20, C32ன்னு எழுதியிருக்கும், அந்த நம்பருக்குத் தகுந்த வயர்தானா கீழ இறங்குதுன்னு எலக்ட்ரீஷியன்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க. அவர் பதில் சொல்ல யோசிச்சா உங்களுக்கே புரிஞ்சுடும்.

இன்னொண்ணு, 16 ஆம்பியர்னு எழுதியிருக்கற எம்சிபி 17 வந்த உடனே விழுந்துடும்னு நெனைக்காதீங்க. அதுக்கான சர்வதேச ஸ்டாண்டர்டே 1.13 மடங்கு வரைக்கும் விழக்கூடாது, 1.45 மடங்கு வந்தா ஒரு மணி நேரத்துக்குள்ள விழணும்னுதான் சொல்லுது. அதாவது 23 ஆம்பியர் போனாகூட முக்கால் மணி நேரம் சும்மா இருந்துட்டு விழலாம், அது கோளாறு இல்ல. அதனால "ட்ரிப் ஆகல, எல்லாம் நல்லாத்தான் இருக்கு"ங்கறது ஒரு சாட்சியே இல்ல. புதுசா வர்ற எலக்ட்ரிக் கார் சார்ஜர் இருக்கே, 7 கிலோவாட்டுன்னா 30 ஆம்பியர், நீங்க தூங்கும்போது ராத்திரி முழுக்க விடாம இழுக்கும். ஹீட்டர் மாதிரி பத்து நிமிஷத்துல அணையற லோடு இல்ல அது. கார் வாங்கறதுக்கு முன்னாடியே பாக்ஸைக் காட்டிடணும், வந்ததுக்கு அப்புறம் இல்ல.

கடைசியாத்தான் நிஜமான மின்கசிவு வருது, நீங்க பேப்பர்ல போடுற வார்த்தைக்குச் சரியான சொந்தக்காரர். ஃபேஸ்லேர்ந்து கரண்டு நியூட்ரல் வழியாத் திரும்பாம, ஹீட்டர் பாடி வழியாவோ ஈரச் சுவர் வழியாவோ மனுஷன் உடம்பு வழியாவோ பூமிக்குப் போறது. இதுல கொடுமை என்னன்னா அளவு ரொம்பச் சின்னது. ஆளைக் கொல்ல சில பத்து மில்லியாம்பியரே போதும். 16 ஆம்பியர் எம்சிபிக்கு 30 மில்லியாம்பியர்ங்கறது ஐநூத்துல ஒரு பங்குகூட இல்ல, அதுக்குத் தெரியவே தெரியாது, ஃபியூஸ் கட்டைக்குச் சொல்லவே வேணாம். ஒருத்தர் ஷாக் அடிச்சுத் துடிச்சுக்கிட்டு இருக்கும்போது ஃபியூஸ் சலனமே இல்லாம நிக்கும்.

இதைப் பிடிக்கத்தான் ஆர்சிசிபி. ஃபேஸையும் நியூட்ரலையும் ஒரே இரும்பு வளையத்துக்குள்ள விட்டு, போனதும் வந்ததும் சமமான்னு பார்த்துக்கிட்டே இருக்கும், 30 மில்லியாம்பியர் வித்தியாசம் வந்தா நொடியில ஒரு சின்னப் பங்குக்குள்ள வெட்டிடும். அமெரிக்காவுல பெர்க்லி பல்கலைக்கழகத்துல ஷாக் பத்தியே ஆராய்ச்சி பண்ணின சார்லஸ் டால்ஸீல்ங்கற பேராசிரியர் 1961லயே இதே வேலையைச் செய்யற கருவியைக் கொண்டுவந்துட்டார், அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு, நம்மள்ல எத்தனை பேர் வீட்டு பாக்ஸ்ல அது இருக்கு? உங்க பாக்ஸ்ல "T"ன்னு எழுதின ஒரு சின்ன பட்டன் எங்கயுமே இல்லன்னா அது இல்லைன்னுதான் பெரும்பாலும் அர்த்தம். என்னைக் கேட்டா பாக்ஸ் மாத்தறதுக்கு அந்த ஒரு காரணமே போதும், மத்ததெல்லாம் அப்புறம்.

இருந்தாலும் நிம்மதியா இருந்துடாதீங்க. எங்க மாடி பாக்ஸ்ல அது இருந்துச்சு. தம்பி "டெஸ்ட் பட்டனை அழுத்துங்க சார்"ன்னார், அழுத்தினேன், ஒண்ணும் நடக்கல. மறுபடி அழுத்தினேன். லைட்டு ஜம்முனு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. மாட்டின நாள்லேர்ந்து ஒரு தடவைகூட அசையாம இருந்ததுல உள்ள பாகமெல்லாம் இறுகிப்போயிருந்துச்சாம். காவல்காரன் இருக்கான்னு நெனச்சுத் தூங்கிட்டு இருந்திருக்கோம், அவன் எப்பவோ செத்துட்டான். சில மாசத்துக்கு ஒரு தடவை அந்த பட்டனை அழுத்தி விழுதான்னு பாருங்க, விழலன்னா அன்னைக்கே மாத்துங்க. ஆனா அந்த பட்டன் ஆர்சிசிபியைத்தான் சோதிக்கும், உங்க எர்த்தை இல்ல. எர்த் சரியா இருந்தா கசிவு ஆரம்பிச்ச உடனேயே அது வழியாப் பாஞ்சு ஆர்சிசிபி விழுந்துடும், எர்த் இல்லன்னா யாராவது தொட்டு அவங்க உடம்பு வழியாப் பாயற வரைக்கும் அது காத்துக்கிட்டு இருக்கும். ஃபேஸையும் நியூட்ரலையும் ஒருத்தர் ரெண்டு கையால பிடிச்சா ஆர்சிசிபியாலயும் கண்டுபிடிக்க முடியாது, அதுக்கு அந்த ஆள் வெறும் பல்பு மாதிரிதான்.

பழைய பாக்ஸ்ல இன்னொரு பூதம் உண்டு, நியூட்ரல்லயும் தனியா ஃபியூஸ் வெச்சிருப்பாங்க. அது மட்டும் போச்சுன்னா லைட்டு அணைஞ்சுடும், "கரண்டு இல்ல"ன்னு நாம ஹோல்டர்ல கை வைப்போம், ஃபேஸ் அங்க உயிரோட நிக்கும். உங்க பாக்ஸ்ல அப்படி இருக்கான்னு கேட்டுப் பாருங்க, இருந்தா அதை வெச்சுக்கிட்டு யோசிக்கவே வேண்டாம். ரொம்பப் பழைய போர்டுகள்ல பின்பலகையில ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கறதும் உண்டு, நாமளே டிரில் போட்டுத் துளைக்கற வேலை வெச்சுக்கக் கூடாது.

இவ்வளவும் சொல்லிட்டு, எல்லாரும் நாளைக்கே மாத்துங்கன்னு நான் சொல்ல வரல. ஒரு நாள் ட்ரிப் ஆச்சுன்னா அது பாக்ஸ் கோளாறு இல்ல, பாக்ஸ் வேலை செஞ்சிருக்கு. எல்லா பிளக்கையும் பிடுங்கிட்டு ஆர்சிசிபியை ஏத்துங்க, நிக்குதா, ஒவ்வொண்ணா சொருகிக்கிட்டே வாங்க, எதுல விழுதோ அதுதான் குற்றவாளி, பெரும்பாலும் ஹீட்டர் காயிலாத்தான் இருக்கும். காயில் மாத்தினாப் போதும், பாக்ஸ் எதுக்கு? எதுவுமே சொருகாம விழுதுன்னாதான் வயரிங்ல ஏதோ இருக்கு. பாக்ஸ் பழசுங்கற ஒரே காரணத்துக்காக மாத்தச் சொல்றவர்கிட்டயும் ஏன்னு கேளுங்க. ஆனா பாக்ஸ்ல காலி இடமே இல்லாம ஒரே திருகுக்குக் கீழ ரெண்டு மூணு வயரைத் திணிச்சிருந்தாலோ, ரூமுக்கு ரூம் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு அதுல இன்னொரு எக்ஸ்டென்ஷன் சொருகியிருந்தாலோ, மேல தண்ணி ஒழுகி பாக்ஸுக்குள்ள துரு இறங்கியிருந்தாலோ, வீடு பாக்ஸை விட்டு எப்பவோ வளர்ந்துடுச்சுன்னு அர்த்தம்.

மாத்தறப்பவும் ஒரு வம்பு வரும், அதையும் சொல்லிடறேன். புது பாக்ஸ் மாட்டின அன்னைக்கு எங்க வீட்ல ஆர்சிசிபி நிக்கவே இல்ல, ஏத்தினா விழுது, ஏத்தினா விழுது. பழைய வயரிங்ல ஒரு லைனோட நியூட்ரலை இன்னொரு லைனோட கலந்து விட்டிருந்தாங்க, ஒரு ரூம்ல தோல் போன வயர் ஈரச் சுவத்துல உரசிக்கிட்டு இருந்துச்சு. ஃபியூஸ் கட்டை இத்தனை வருஷம் இதையெல்லாம் கண்டுக்கல, புதுசு முதல் நாளே கண்டுபிடிச்சுடுச்சு. கூட வந்த இன்னொரு ஆள் "ஆர்சிசிபியை டைரக்ட் பண்ணிடலாம் சார், தொல்லை இருக்காது"ன்னார். தம்பி ஒத்துக்கல. வயர் தோல் நல்லா இருக்கான்னு பார்க்கற மெகர்ங்கற கருவியை எடுத்து ஒவ்வொரு லைனையும் 500 வோல்ட்ல சோதிச்சார், நல்ல லைன்னா குறைஞ்சது 1 மெகா ஓமாவது காட்டணுமாம், அந்த ஈர ரூம் லைன் அதுல பத்துல ஒரு பங்குகூட காட்டல. அந்த வயரை இழுத்து மாத்தி, நியூட்ரலைப் பிரிச்சு, மொத்த வீட்டுக்கும் ஒரே ஆர்சிசிபின்னு இல்லாம ரெண்டாப் பிரிச்சு மாட்டினார், ஒண்ணு விழுந்தா வீடே இருட்டாகாது பாருங்க. ரெண்டு நாள் வேலை மூணு நாளாச்சு. பாக்ஸை மட்டும் புதுசாக்கி வயரை அப்படியே விடறவங்க, இல்ல டைரக்ட் பண்ணிட்டுப் போறவங்க, இவங்ககிட்ட ஜாக்கிரதையா இருங்க, வெளியிலேர்ந்து பார்த்தா ரெண்டு பாக்ஸும் ஒரே மாதிரி பளபளன்னுதான் இருக்கும்.

ஐயா, உங்ககிட்ட கேட்டுக்கறது ஒண்ணுதான். அடுத்த தடவை இப்படி ஒரு செய்தி வரும்போது உங்க நிருபர், தீயணைப்பு வீரர்கிட்டயோ விசாரிக்கற அதிகாரிகிட்டயோ ரெண்டு கேள்வி சேர்த்துக் கேட்கட்டும்: கசிவா, ஷார்ட்டா, ஓவர்லோடா, லூஸ் கனெக்‌ஷனா? அந்த வீட்டு பாக்ஸ்ல ஆர்சிசிபி இருந்துச்சா? பதில் கிடைச்சா அதைப் போடுங்க, கிடைக்கலன்னா "காரணம் தெரியவில்லை"ன்னே போடுங்க, தப்பே இல்ல. எங்க வீடு எரிஞ்சிருந்தா நீங்க "மின்கசிவு"ன்னுதான் போட்டிருப்பீங்க, ஆனா எங்க வீட்ல அன்னைக்குக் கருகினது ஒரு லூஸ் திருகு.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்

பி.கு.: அந்த மூணு இழைச் செம்புக் கம்பியைத் தூக்கிப் போடல, புது பாக்ஸ் மூடிக்கு உள்பக்கம் டேப் போட்டு ஒட்டி வெச்சிருக்கேன். ஹால் ஃபேன் இப்ப ஒரே வேகத்துலதான் ஓடுது, கொஞ்சம் புழுக்கமாத்தான் இருக்கு.